யாருக்கு முக்கியமான படம்?

‘ஜெய் பீம்’ படத்தை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், அதுவும் விடுதி அறையில், தனியாக. 2021 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் படம் அமேசான் பிரைமில் வந்தது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, தவணையில் வாங்கிய 32 இன்ச் டிவியில் அதைப் போட்டேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்கள் தீபாவளிக்கு ஓடாது. அம்மா, அக்கா, நைனா மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் நாட்கள் வருடத்துக்கு நாலோ ஐந்தோதான்.

லாக்கப் காட்சி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அம்மா, “நிறுத்துடா” என்றார்.

“இது முக்கியமான படம்மா. எல்லாரும் பாக்கணும்.”

“யாருக்கு முக்கியம்?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டார். அக்கா என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி வடிவேலு காமெடி வைத்தாள்.

நான் முனைவர் பட்ட ஆய்வாளன். தோல் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாறு என் தலைப்பு. அடுத்தவர் அம்மாக்களிடம் ரெக்கார்டரை நீட்டி மணிக்கணக்கில் கேள்வி கேட்கிறவன். சொந்த அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று கோபம்தான் வந்தது. ‘இவங்களுக்கு அரசியல் புரியல’ என்று விடுதி நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. அவ்வப்போது போய்ப் படித்துக்கொள்வேன்.

யோசித்துப் பார்த்தால் அது முதல்முறையும் இல்லை. அதற்கு முன்பே ‘பரியேறும் பெருமாள்’ போட்டபோது இப்படி ஒன்று நடந்தது. கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடும் அப்பாவாக வண்ணார்பேட்டை தங்கராஜ் நடித்திருப்பார். மகனின் கல்லூரிக்கு வந்த அந்த மனிதரின் வேட்டியை மாணவர்கள் உருவி ரோட்டில் ஓடவிடும் காட்சி வந்தது. நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பீடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். படம் முடிந்து அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நைனா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டி, டிரம், பச்சைத்தோல் என்று வாழ்க்கை போனது. என்னைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்க்க வந்த ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டு வருவார். அப்படியும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்வார். அந்த வாடை குளித்தால் போகாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் காட்சியில் அவர் எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அது கேட்கிற கேள்வி இல்லை.

தோழர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் படங்கள் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘பரியேறும் பெருமாள்’ வந்த பிறகு எங்கள் கல்லூரி விடுதியில் பையன்கள் முதல்முறையாகச் சாதியைப் பற்றிப் பல்லைக் கடிக்காமல் பேசினார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு ஜூனியர், தன் ஊரில் எந்தத் தெரு வழியாகத் தான் சைக்கிளில் ஏறிப்போக முடியாது என்பதைச் சொன்னான். அது அந்தப் படம் செய்த வேலை. ஆனால் இந்த வேலை யாரை நோக்கிச் செய்யப்படுகிறது என்று கேட்கத்தான் வேண்டும். தெரியாதவருக்குத் தெரியப்படுத்துவது, தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவரின் சட்டையைப் பிடித்து உலுக்குவது, இதற்காகத்தான் அந்த அடியும் ரத்தமும் அவ்வளவு நேரம் திரையில் நிற்கின்றன. எங்கள் அம்மாவுக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அடி வாங்கும் உடம்பு யாருடையது என்பது அவருக்குப் படம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

தியேட்டரில் இது வெளியே தெரியாது. அங்கே இருட்டு இருக்கிறது, விசில் இருக்கிறது, காசு கொடுத்திருக்கிறோம் என்ற கட்டாயம் இருக்கிறது. நாலு பேர் அழும்போது ஐந்தாவது ஆளும் அழுதுவிடலாம். வீட்டில் டியூப்லைட் எரிகிறது, குக்கர் கத்துகிறது, பக்கத்து வீட்டு அத்தை சர்க்கரை கேட்டு வருகிறார். கூடவே நிறுத்துகிற பொத்தானும் இருக்கிறது. அதனால் ஒரு படம் யாரை மனதில் வைத்து எடுக்கப்பட்டது என்பது வீட்டில்தான் வெளிச்சமாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

வீட்டில் படம் பார்ப்பது என்று சுலபமாக எழுதிவிட்டேன். எங்கள் தெருவுக்கு அது 2006க்குப் பிறகு வந்த பழக்கம். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை படம் என்றால், காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்போம். உயரமானவர்கள் பின்னால், பொடிசுகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால். அந்த வீட்டம்மா நல்லவர். ஜன்னலைச் சாத்தமாட்டார். உள்ளே வா என்றும் சொல்லமாட்டார். ‘நாட்டாமை’ படத்தை நான் அந்த ஜன்னலில்தான் பார்த்தேன். ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் தீர்ப்புதான் அந்தப் படத்தின் முதுகெலும்பு. அண்ணனே தம்பியை ஒதுக்கிவைக்கும் இடத்தில் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே நின்ற நாங்களும் அழுதோம். கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களை ஒதுக்கிவைத்த நாட்டாமை யார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘சின்ன கவுண்டர்’, ‘எஜமான்’ எல்லாமே எனக்கு அந்த ஜன்னல் சட்டத்தோடுதான் நினைவில் இருக்கின்றன. திரையின் இடது ஓரம் எப்போதும் ஒரு கம்பியால் மறைந்திருக்கும்.

2006இல் திமுக அரசு இலவசக் கலர் டிவித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு முறை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இலவசங்களால் நாடு கெட்டது என்று டிவி விவாதங்களில் யாராவது கொதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். அது வந்த வாரத்தோடு எங்கள் தெருப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நிற்பது நின்றது. அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து கே டிவியில் மத்தியானப் படம் பார்த்தார். இதற்கு என்ன விலை போடுவார்கள் அந்தப் பொருளாதார நிபுணர்கள்?

அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்தவர்கள் படம் பார்க்கும் விதமே வேறு. அவர்கள் திரையோடு பேசுவார்கள். அதைத்தான் நான் இத்தனை வருடமாகக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன்.

‘அசுரன்’ பார்த்தபோது அக்கா நடுவில் நிறுத்தினாள். செருப்புப் போட்டு நடந்த குற்றத்துக்காக மாரியம்மாளை அடித்து, அந்தச் செருப்பையே தலையில் வைத்து நடக்கவைக்கும் இடம். நிறுத்திவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

“கைத்தையல்தான். தோலும் நல்ல தோலாத்தான் கீது.”

அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். பத்து வருடம் ஆகிறது. அவள் தைப்பது ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிறது. வேலைக்கு அவள் ஹவாய் செருப்பில் போகிறாள். அந்தக் காட்சியைப் பற்றி வந்த கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். நானே ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். எங்களுக்கெல்லாம் செருப்பு ஒரு குறியீடு. அது என்ன தோல், யார் தைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அக்கா மறுபடி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “ஒரு நாள் நான் தெச்ச ஷூவ நானே போட்டுனு பஸ் ஏறுனா எப்டி இருக்கும்னு நெனச்சிப்பேன். லைன்ல எல்லாம் சிரிச்சே சாவாளுங்க.”

அந்தப் படத்தை அவள் பாதியில் விடவில்லை. “இப்ப அவன் திருப்பி அடிப்பான் இல்ல, அதப் பாக்கணும்” என்று ஓடவிட்டாள். ஆக, அடியே வேண்டாம் என்பது எங்கள் வீட்டுக் கட்சி இல்லை. ‘மாமன்னன்’ பார்த்தபோது அம்மாவும் எழுந்து போகவில்லை. எம்எல்ஏவாக இருந்தும் நாற்காலியில் உட்காராமல் வடிவேலு நிற்கும் இடத்தில், “இந்தாள இத்தினி வருசமா ஒதச்சி ஒதச்சி நம்மள சிரிக்க வெச்சாங்க பாரு” என்றார். ‘தேவர் மகன்’ இசக்கிக்குப் பதில் சொல்லத்தான் ‘மாமன்னன்’ எடுத்தேன் என்று மாரி செல்வராஜ் சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. வீட்டில் ஓடிய வடிவேலு காமெடிகளை வைத்தே அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

பழைய படங்களில்தான் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. அம்மாவுக்கு உயிர், எம்ஜிஆர் நடித்த 1956 ‘மதுரை வீரன்’. இப்போதும் யூடியூபில் தேடிப் போடச் சொல்வார். படத்தில் வீரன் ராஜகுமாரனாகப் பிறக்கிறான். காட்டில் விடப்பட்ட குழந்தையைச் செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். கலைவாணரும் மதுரமும் அந்தத் தம்பதி. அருந்ததியர் மக்கள் தங்கள் பிள்ளையாக வைத்துக் கும்பிடும் வீரனுக்கு எதற்கு ராஜ ரத்தம்? நம் ஆட்களிடம் வீரம் இருந்தால் அதற்கு மேலிருந்து ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கிவரும் புத்தி கதைப்பாடலிலேயே நுழைந்துவிட்டது, சினிமா அதற்குச் சாயம் பூசியது என்று அம்மாவிடம் ஒரு விரிவுரையே நடத்தினேன்.

“பெத்தவன் யாரா இருந்தா இன்னாடா? வளத்தது இவங்கதான?”

என் விமர்சனத்தில் தவறில்லை, இன்றும் அதில்தான் நிற்கிறேன். ஆனால் அம்மா பார்க்கிற ‘மதுரை வீரன்’ நான் பார்க்கிற படம் இல்லை. அவருக்குப் படமே கலைவாணரும் மதுரமும் இருக்கிற வீடுதான். செருப்புத் தைக்கிற வீட்டில் சிரிப்பு இருக்கிறது, புருஷன் பெண்டாட்டி கேலி இருக்கிறது, பிள்ளைமேல் கொள்ளைப் பிரியம் இருக்கிறது. பானுமதி, பத்மினி, கோட்டை, கொத்தளம் எல்லாம் வரும்போது அம்மா வெங்காயம் உரிப்பார். மாறுகால் மாறுகை வாங்கும் கடைசிக் கட்டம் வருவதற்குள் நிறுத்திவிடுவார். “அத நான் பாக்கறதில்ல” என்பார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் இந்தப் படத்தை இப்படித் தனக்குத் தகுந்தமாதிரி வெட்டித்தான் வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப ஓடும் படங்கள் எவை என்று கணக்கெடுத்தேன். ‘மெட்ராஸ்’, இடைவேளை வரைக்கும். காளிக்குப் பெண் பார்க்கும் கலாட்டா, அவன் அம்மாவின் புலம்பல், ஃபுட்பால், அவ்வளவுதான். சுவருக்காக வெட்டுக்குத்து ஆரம்பித்தால் அம்மா சேனலை மாற்றிவிடுவார். ‘சார்பட்டா பரம்பரை’யை 2021 ஜூலையில், டிவி ரிப்பேராகிக் கிடந்ததால், செல்போனைச் சொம்பில் சாய்த்துவைத்து ஐந்து பேர் பார்த்தோம். அதில் நைனாவுக்குக் குத்துச்சண்டையைவிட டான்சிங் ரோஸின் கால்கள் பிடித்தன. ‘லப்பர் பந்து’ அக்காவுக்கு. ‘தங்கலான்’ பார்க்க எல்லோரும் ஆசையாக உட்கார்ந்தோம். வடாற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன சனம் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. முக்கால் மணி நேரத்தில் நைனா குறட்டை விட்டார். எனக்குப் பிடித்த படம் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் வலிக்கிறது.

எல்லாவற்றிலும் மேலே நிற்பது ‘ப்ளூ ஸ்டார்’. ஜெயக்குமார் இயக்கி 2024 ஜனவரியில் வந்தது. கதை நடப்பது அரக்கோணத்தில், எங்களுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். காலனி டீமும் ஊர் டீமும் மோதும் கிரிக்கெட் கதை. வாய் திறந்து பேசுகிற முதல் வசனத்திலேயே அம்மா, “நம்ம பக்கம் மாரியே பேசுதுங்க” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரைத் தமிழும் நெல்லைத் தமிழும் சென்னைத் தமிழும் பேசிய சினிமாவில் எங்கள் ‘பாத்துனு’, ‘போய்னு’ வருவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதில் சாதி இல்லையா? படம் முழுக்கச் சாதிதான். மைதானம் யாருக்கு, பந்து யார் கையில் என்பதெல்லாம் அதுதான். ஆனால் அந்தப் பையன்கள் அடி வாங்குவதற்காகவே திரையில் பிறந்தவர்கள் இல்லை. காதலிக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், தோற்கிறார்கள், மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மூன்று முறை பார்த்தாகிவிட்டது. நான்காவது முறைக்கு அக்காவின் கம்பெனித் தோழிகள் இரண்டு பேர் டிபன் பாக்ஸோடு வந்தார்கள்.

இவ்வளவு படம் பார்த்தும் தோல் ஷாப்பை நாங்கள் ஒரு தமிழ்ப் படத்திலும் சரியாகப் பார்த்த நினைவில்லை. நாவலில் இருக்கிறது. டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை வைத்து ‘தோல்’ எழுதினார், 2012இல் சாகித்ய அகாடமி விருதும் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் இவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது. ஆறு கெட்டது, கிணறு கெட்டது, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. 2015 ஜனவரி 31 விடியும் முன் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சகதி மூடியது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

இதை யாராவது படமாக எடுக்க வேண்டும் என்று மேடைகளில் நானே பேசியிருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சில் ஒரு தயக்கம் வந்துவிட்டது. நம் இயக்குநர் ஒருவர் அதை எடுத்தால் சகதி வரும் காட்சிக்குத்தான் பணத்தைக் கொட்டுவார், கேமராவைத் தூக்கி மேலே வைப்பார், நாமும் ‘தவறவிடக் கூடாத படம்’ என்று விமர்சனம் எழுதுவோம். எங்கள் வீட்டில் அந்தக் காட்சிக்கு முன்பே டிவி அணைந்துவிடும். எனக்கு வேண்டிய படத்தில் அந்த இரவு எட்டு மணி இருக்க வேண்டும். யார் சமைத்தது, யார் ஊருக்கு போன் போட்டுப் பொண்டாட்டியிடம் திட்டு வாங்கியது, செல்போனில் என்ன படம் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்கள். ஒரு மணி நேரம் அதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு சுவர் இடிவதைக் காட்டுவதா வேண்டாமா என்பதை எங்கள் அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

விமர்சனம் எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. அம்மாக்கள் எழுந்து போகிற காட்சியைத்தான் நாம் ‘துணிச்சல்’ என்று பாராட்டி எழுதுகிறோம். படத்தை வீட்டில் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் வீட்டாரைப் பாருங்கள். யார் எப்போது எழுகிறார், எதற்கு உட்கார்கிறார், யார் படம் முழுக்க அடுப்படியிலிருந்து எட்டி எட்டித்தான் பார்க்கிறார். எங்கள் வீட்டில் ரிமோட் பல வருடம் என் கையில்தான் இருந்தது. அடுப்படி அம்மா, அக்கா கையில் இருந்தது. இப்போது வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். ரிமோட்டில் மட்டும்தான் முறை வந்திருக்கிறது என்று அக்கா சொல்லிக்காட்டுவாள். போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சோறு என் பொறுப்பு.

போன ஞாயிறு அம்மாவின் முறை. ‘மதுரை வீரன்’ கேட்பார் என்று நினைத்து யூடியூபைத் திறந்தேன்.

“அந்த போலீஸ் படம் ஒண்ணு பாதில நிறுத்துனமே, அதுல கடைசில ஒரு பாப்பா உக்காரும்னு சொன்னல்ல?”

‘ஜெய் பீம்’ கடைசிக் காட்சி. வக்கீல் சந்துரு நாற்காலியில் காலுக்குமேல் கால் போட்டுச் செய்தித்தாள் படிப்பார். எதிரில் செங்கேணியின் மகள் அல்லி, அவரைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, தானும் அப்படியே உட்கார்ந்து பேப்பரை எடுப்பாள். எப்போதோ நான் சொன்னதை அம்மா நான்கு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார்.

“முழுசா பாக்கறியா?”

“அத மட்டும் போடு.”

இரண்டரை மணி நேரப் படத்தை ஒரே இழுப்பில் கடைசிக்குத் தள்ளினேன். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு காலையில் ஏழு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று பாயை விரித்தார்.